பலகையின் மேல் ஒரு மண்டலம்: பாவனை விளையாட்டின் வழி மக்கள் நல்வாழ்வுக் கொள்கை கற்பித்தல், கல்மண்டபத்தை முன்வைத்து

1. பொருளும் எல்லையும்

வடசென்னையில், ராயபுரம் கல்மண்டபத்தைச் சுற்றியுள்ள ஒரே தெருவில் நான்கு குடும்பங்கள் குடியிருக்கலாம். காய்ச்சல் வந்தால் நான்கும் நான்கு வாசல்களுக்குப் போகும். துறைமுக ஊழியருக்குத் துறைமுக மருத்துவமனை இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டாத ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. மருந்தகம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள மீனவக் குடும்பத்தின் கையில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கும். ஆனால் அது பெரிய சிகிச்சைக்குத்தான் உதவும், காய்ச்சலுக்கு அல்ல. ஒப்பந்த வேலைக்கு வந்து, எந்த அட்டையும் வாங்காமல் ஒண்டுக்குடித்தனத்தில் தங்கியிருப்பவருக்கு மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், அதை விட்டால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை.

இந்த நான்கு வாசல்களும் தாமாக முளைத்தவை அல்ல. 1948இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் (இ.எஸ்.ஐ.) சட்டம், 2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம், அதன் இடத்தில் 2012இல் வந்த இன்றைய திட்டம், 2018இல் அதனுடன் இணைந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் என ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் சிலர் கூடி எடுத்த முடிவு. யாருக்கு எவ்வளவு, யார் பணத்தில், யார் காத்திருக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு அவர்கள் சொன்ன விடைதான் கொள்கை.

நம் கல்லூரிகளில் இது ஆண்டு வரிசையாகச் சொல்லித்தரப்படுகிறது. சமூகப்பணி, பொது நிர்வாகம், பொருளியல், சமுதாய மருத்துவம் என எந்தப் பாடத்தில் வந்தாலும் நிலை இதுதான்: திட்டத்தின் பெயர், தொடங்கிய நாள், நோக்கம், பயனாளி, 5 மதிப்பெண். திட்டத்துக்குள் நடந்த இழுபறி மாணவருக்குக் கிடைப்பதில்லை. ஒரு படுக்கைக்கு ஒதுக்கிய பணம் எந்தத் தடுப்பூசி முகாமிலிருந்து எடுக்கப்பட்டது என்பது வினாத்தாளில் வராது.

பாவனை விளையாட்டு அந்த இழுபறியை வகுப்பறைக்குள் கொண்டுவரும் வழி. ஒரு மண்டலத்தை மேசைமேல் விரித்து, மாணவர்களைப் பொறுப்புகளில் உட்கார வைத்து, போதாத பணத்தைக் கொடுத்து, முடிவெடுக்கச் சொல்வது. அதைப் பொதுவாகப் பாராட்டுவது இக்கட்டுரையின் வேலை அல்ல. வடசென்னைக்கு அப்படியொரு விளையாட்டை எப்படி அமைக்க வேண்டும், அமைக்கும்போது எதில் நேர்மை தேவை என்பதே ஆய்வுப் பொருள். என் வாதம் ஒன்றுதான்: விளையாடுவதால் மட்டும் மாணவர் கொள்கையைக் கற்பதில்லை, விளையாட்டின் விதிகளைக் கேள்வி கேட்டு, திருத்தி, அந்தத் திருத்தத்துக்குச் சான்று தேடும்போதே கற்கிறார். அதிலும் இந்த நிலப்பகுதிக்கு, நோயைப் பகடை உருட்டித் தீர்மானிக்கும் எந்த விளையாட்டும் பொய்ப்பாடம்.

2. முன்னோடிகள்

உலகப் போர்களுக்கு வெகுமுன்பே பிரஷ்யப் படை அதிகாரிகள் மணல் மேசைமேல் போர் விளையாடிப் பயிற்சி பெற்றனர். அந்த முறை இருபதாம் நூற்றாண்டில் நகரத் திட்டமிடலுக்கும் வணிகப் படிப்புக்கும் வந்தது. மிச்சிகனில் ரிச்சர்ட் டியூக் நகர நிர்வாகத்துக்கு விளையாட்டுகளை உருவாக்கி, 1974இல் விளையாட்டையே எதிர்காலத்தின் மொழி என்று வாதிட்டுத் தனிநூல் எழுதினார். மருத்துவத் துறைக்கு நேரடியாகப் பொருந்தும் முன்னோடிகளாக இரண்டைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 1990இல் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியாவில் நடந்த 'ரப்பர் காற்றாலை' என்ற பயிற்சி. அப்போது தாட்சர் அரசு, தேசிய நலவாழ்வுச் சேவைக்குள் ஒரு சந்தையை உருவாக்கச் சட்டம் கொண்டுவந்து கொண்டிருந்தது. மருத்துவமனைகள் சிகிச்சையை 'விற்க' வேண்டும், வட்டார அமைப்புகள் அதை 'வாங்க' வேண்டும். 1991 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வரவிருந்த நிலையில், உண்மையான மேலாளர்களும் மருத்துவர்களும் சில நாள்கள் கூடி, வரப்போகும் மூன்று ஆண்டுகளை விளையாடிப் பார்த்தார்கள். மூன்றாம் ஆண்டுக்குள் சந்தை நொறுங்கியது. விளையாடியவர்கள் கெட்டவர்களோ அறிவற்றவர்களோ அல்லர். ஒவ்வொருவரும் தம் நாற்காலியிலிருந்து பார்த்துச் சரியாகவே முடிவெடுத்தார்கள். சரியான முடிவுகள் சேர்ந்து தவறான விளைவைத் தந்தன. விரிவுரையில் இதைச் சொன்னால் மாணவர் எழுதிக்கொள்வார். தாமே அந்த நாற்காலியில் உட்கார்ந்து கையொப்பம் போட்ட பிறகு சொன்னால், தன் கையொப்பத்தைத் திரும்பிப் பார்ப்பார்.

இரண்டாவது, 2001 ஜூனில் அமெரிக்காவின் ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் நடந்த 'இருண்ட குளிர்காலம்'. பெரியம்மைக் கிருமியை எதிரிகள் பரப்பினால் நாடு என்ன செய்யும் என்ற பயிற்சி அது. முன்னாள் செனட்டர் சாம் நன் அதிபராக நடித்தார். கையிருப்பில் 1.2 கோடித் தடுப்பூசிகள் மட்டுமே. நோய் மாநிலம் மாநிலமாகப் பரவ, அதிபரின் குழு திணறியது. பின்னர் அறிவியலாளர் சிலர் விளையாட்டின் அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். ஒரு நோயாளி 10 பேருக்குப் பரப்புவார் என்ற எண் அதற்குள் வைக்கப்பட்டிருந்தது. பெரியம்மையின் பழைய வரலாற்றுத் தரவுகளோடு ஒப்பிட்டால் அது மிக உயர்வு என்று அவர்கள் வாதிட்டார்கள். அந்த ஓர் எண்ணைக் குறைத்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

முதல் முன்னோடி விளையாட்டின் வலிமையைக் காட்டுகிறது. இரண்டாவது அதன் ஆபத்தைக் காட்டுகிறது. விதியை எழுதியவரே பாதி முடிவை எடுத்துவிடுகிறார். ஆசிரியர் ஆயத்தமாகக் கொண்டுவரும் விளையாட்டில் அந்தப் பாதி அவருடையது, மாணவருடையது அல்ல. இதைக் கடக்காமல் கல்லூரியில் இம்முறையைப் பயன்படுத்துவது சரியாகாது.

நம் மண்ணிலும் ஒரு முன்னோடி உண்டு. அது விளையாட்டு அல்ல, ஆய்வு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் (இன்றைய சேத்துப்பட்டு தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம்) ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டது: நோயாளியைச் சானடோரியத்தில் சேர்த்துச் சிகிச்சை தருவதும், நெரிசலான ஏழைக் குடியிருப்பிலேயே வைத்து மாத்திரை தருவதும் ஒன்றா? 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஓராண்டு பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழச் சானடோரியச் சிகிச்சைக்கு ஈடாக இருந்தது. வீட்டில் உடனிருந்தவர்களுக்கு நோய் தொற்றும் ஆபத்து அதனால் கூடவும் இல்லை. உலகம் முழுவதும் காசநோய்க் கொள்கை மாறியது. இந்த நிகழ்வை முதல் வகுப்பில் விளையாட்டாக நடத்தலாம். மாணவருக்கு 1956இன் நிலையை மட்டும் கொடுத்து, 1959ஐ மறைத்துவைத்து, 'இருக்கும் பணத்தில் படுக்கை கட்டுவீர்களா, மாத்திரை வாங்குவீர்களா?' என்று கேட்க வேண்டும். பெரும்பாலோர் படுக்கை கட்டுவார்கள் என்பது என் எதிர்பார்ப்பு. பிறகு முடிவைக் காட்டினால், சான்று எதற்கு என்பதற்குத் தனி விரிவுரை வேண்டியிருக்காது.

3. களம்

வடசென்னையை ஏன் பலகையாகக் கொள்ள வேண்டும்? பழைய வண்ணாரப்பேட்டையின் சர் தியாகராயா கல்லூரிக்கும் பிராட்வேயின் பாரதி மகளிர் கல்லூரிக்கும் வரும் மாணவர் பலருக்கு இது வீட்டு வாசல் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், மக்கள் நல்வாழ்வுக் கொள்கையின் எல்லா அடுக்குகளும் இங்கே சில கிலோமீட்டருக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன என்பது.

ஸ்டான்லியிலிருந்தே தொடங்கலாம். பெரியவர்கள் இன்றும் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1780களின் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் அதன் வேர் இருக்கிறது; ஆளுநர் ஸ்டான்லியின் பெயரில் மருத்துவக் கல்லூரியானது 1938இல். உணவு கொடுத்த இடம் மருந்து கொடுக்கும் இடமானது தற்செயல் அல்ல. 2022இல் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோயாளி கடுமையாக மெலிந்திருக்கிறாரா என்பதைத் தொடக்கத்திலேயே எடைபோட்டுப் பார்த்து அப்படிப்பட்டவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறது. கஞ்சிக்கும் மருந்துக்கும் உள்ள அந்தப் பழைய உறவுதான் இது.

ராயபுரத்திலேயே அரசு ராஜா சர் ராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனை. தண்டையார்பேட்டையில் மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை. காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம். வடக்கே திருவொற்றியூர், எண்ணூர். மேற்கே மணலியில் 1965இல் நிறுவப்பட்ட எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. அனல்மின் நிலையங்களின் சாம்பல், கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம், விரைவுச்சாலையில் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகள்.

அண்மைக்கால நிகழ்வுகளில் மூன்று போதும். 2020 மே, ஜூன் மாதங்களில் மாநகராட்சியின் 15 மண்டலங்களில் ராயபுரமே கொரோனா எண்ணிக்கையில் முன்னால் நின்றது. 'தனி அறையில் இருங்கள்' என்ற அறிவுரை, ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டின் வாசலில் வந்து நின்றது. தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டுத்தான் நிலைமையைப் பிடிக்க முடிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. படகும் வலையும் கறுத்தன, மீனவர் எண்ணெயைக் கையால் அள்ளினார்கள், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்தது. அதே டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிய, மூச்சு முட்ட, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது.

இந்த மூன்றில் எதுவும் மருத்துவமனைக்குள் தொடங்கவில்லை. வடசென்னைக்கான நல்வாழ்வுக் கொள்கை விளையாட்டில் மருத்துவரும் செவிலியரும் நோயாளியும் மட்டும் இருந்தால், நோய் எங்கே பிறந்ததோ அந்த இடம் பலகைக்கு வெளியே போய்விடும்.

4. விளையாட்டின் அமைப்பு

60 பேர் வகுப்பு, ஆணி அடித்த பெஞ்சு, 50 நிமிடப் பீரியட்: இவற்றுக்குள் அடங்க வேண்டும். கணினி தேவையில்லை. ஒரு பெரிய சார்ட்டில் வரைபடம், அட்டைகள், பணத்துக்குப் புளியங்கொட்டை. ஒரு சுற்று என்பது மூன்று மாதம்; ஒரு பீரியடில் இரண்டு சுற்று. நான்கு பீரியடில் இரண்டு ஆண்டுகள் ஓடும்.

நாற்காலிகள் ஒன்பது, ஒவ்வொன்றிலும் ஆறேழு பேர் கூடி முடிவெடுக்கலாம். மாநில நிதித்துறை, மாநகர நல அலுவலர், அரசு பெரிய மருத்துவமனையின் டீன், காப்பீட்டுப் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனை, இ.எஸ்.ஐ., மாசு கட்டுப்பாட்டு வாரியம், ஆலை நிர்வாகம், மீனவ ஊர்ப் பஞ்சாயத்து, ஒப்பந்தத் தொழிலாளர். பத்தாவதாக ஒரு சிறு குழு முடிவெடுக்காது; எழுதும். ஒவ்வொரு சுற்றிலும் யார் என்ன சொன்னார்கள், யார் பேசவே இல்லை என்று குறித்துவைப்பது அதன் வேலை. எல்லாரும் விரும்பாத வேலை அது. ஆனால் பின்னர் நடக்கும் பேச்சுக்கு அந்தக் குறிப்பேடே ஆதாரம்.

நாற்காலிகளின் அதிகாரம் சமமாக இருக்கக்கூடாது. அரசியலமைப்பில் பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, 1974இன் நீர்ச் சட்டமும் 1981இன் காற்றுச் சட்டமும் நாடாளுமன்றம் இயற்றியவை, இ.எஸ்.ஐ. மத்திய நிறுவனம், ஆரம்ப சுகாதார நிலையத்தை நடத்துவது மாநகராட்சி. ஆகவே நல அலுவலர் நாற்காலியில் இருப்பவர் மூச்சுத்திணறல் நோயாளிகளைத் தம் வாசலில் எண்ணலாம். ஆலையின் வடிகட்டியைத் திறந்து பார்க்க அவருக்கு அட்டை இல்லை. வாரியத்தை அவர் கெஞ்சிக் கேட்டுப் பெற வேண்டும். முதல் சுற்றில் மாணவர் இதை விதிப்பிழை என்று நினைப்பார்கள். அது விதிப்பிழை அல்ல, நாட்டின் ஏற்பாடு என்று தெரியும்போது வகுப்பு விழித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு மறைவான வழியும் வைக்க வேண்டும். 1939இல் சென்னை மாகாணம் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம், நோய்க்குக் காரணமாகும் தொல்லைகளை அகற்ற உள்ளாட்சியின் சுகாதார அலுவலருக்கு அதிகாரம் தருகிறது. அந்தச் சட்டத்தை நூலகத்தில் தேடிப் படித்து, அது இந்த இடத்தில் எந்த அளவு செல்லும், எங்கே பிந்தைய சட்டங்களோடு முட்டும் என்று வாதிட்டுக் காட்டும் குழுவுக்கு ஒரு புதிய அதிகார அட்டை கிடைக்க வேண்டும். படிப்பவருக்கே கதவு திறக்கும் என்றால் விளையாட்டும் புத்தகமும் பகையாக நிற்காது.

பண ஓட்டமும் உண்மையை ஒட்டியே இருக்கட்டும். தனியார் மருத்துவமனைக்கு ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகுப்புக் கட்டணம் வரும். எந்த நோயாளியை ஏற்பது என்ற தேர்வும் அதன் கையில். அரசு மருத்துவமனை யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. இந்த இரண்டு வரி விதியை வைத்தாலே போதும். இரண்டாம் சுற்றுக்குள் இதய அடைப்பு நீக்கம் ஒரு பக்கமும், பல மாதம் இழுக்கும் இருமலும் மூச்சிரைப்பும் மறு பக்கமும் பிரிந்து நிற்கும். யாரும் சதி செய்யத் தேவையில்லை.

நோயாளி அட்டைகளை எழுதுவதில் ஆசிரியர் நேரம் செலவழிக்க வேண்டும். எண்ணாக வரும் நோயாளி மாணவர் மனத்தில் நிற்பதில்லை. ஓர் அட்டை இப்படி இருக்கலாம்:

'வயது 52. காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் விற்கிறார். விடியற்காலை 3 மணிக்கு ஏலத்துக்குப் போனால் வீடு திரும்பப் பகல் 1 மணி. சர்க்கரை இருப்பது முகாமில் தெரிந்தது. சுகாதார நிலையத்தில் மாத்திரை தரும் நேரமும் அவர் விற்கும் நேரமும் ஒன்று. செவிலியரிடம் அவர் சொன்னது: "சிஸ்டர், நாளைக்கி வர்றேம்மா, இன்னிக்கி கூடைய எறக்க முடியாது." மூன்று முறை மாத்திரை வாங்காவிட்டால் இந்த அட்டை கால் புண் அட்டையாக மாறும்.'

இந்த அட்டையைக் கையில் எடுத்த நல அலுவலர் குழு என்ன செய்யும்? நிலையத்தை மாலையில் திறக்கலாம், அதற்குச் சம்பளம் வேண்டும். வீட்டுக்கே மாத்திரை அனுப்பலாம்; 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் எடுத்த வழி அதுதான். ஏலக்கூடத்திலேயே ஒரு மேசை போடலாம். மூன்றுக்கும் வேறு வேறு விலை. மாணவர் தாமாக அந்த மூன்றில் ஒன்றை அடைந்த பிறகு அரசின் திட்டத்தைப் படித்தால், அது தேர்வுக்கான பெயராக இராது; தாங்கள் முட்டிப் பார்த்த கேள்விக்கு வேறொருவர் சொன்ன விடையாக இருக்கும்.

5. மருந்துச் சங்கிலி: ஒரு துணை விளையாட்டு

எம்.ஐ.டி.யின் ஸ்லோன் பள்ளியில் ஜே ஃபாரெஸ்டரும் அவர் குழுவும் 1960களில் உருவாக்கிய 'பீர் விளையாட்டு' உலகெங்கும் மேலாண்மை மாணவருக்குத் தெரிந்தது. கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்ற நால்வரும் அடுத்தவருக்குச் சீட்டு மட்டுமே அனுப்ப முடியும், பேச முடியாது. இதை மருந்துக்கு மாற்றுவது எளிது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் நிறுவப்பட்டு, மாவட்டக் கிடங்குகளும் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தனிப் பாஸ்புக்கும் வைத்து மருந்து வழங்கும் முறையை அமைத்தது. பல மாநிலங்கள் அதைப் பார்த்துத் தங்கள் முறையை மாற்றின. அந்த முறை எந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்தது என்பதை மாணவர் ஒரு மணி நேரத்தில் உணரலாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சுகாதார நிலையத்துக்கு வாரம் 4 பெட்டி சர்க்கரை மாத்திரை செலவாகிறது, வாரம் 4 பெட்டி வருகிறது, இருப்பு 12. கேட்ட மருந்து வந்துசேர நான்கு வாரம். ஐந்தாம் வாரத்தில் புதிய முகாம் ஒன்றால் தேவை 8 ஆகிறது, பிறகு அந்த அளவிலேயே நின்றுவிடுகிறது. இருப்பு 8, 4, 0 என்று இறங்கும். பொறுப்பாளர் பதறி முதலில் 8, பிறகு 12, பிறகு 16 என்று சீட்டு அனுப்புவார். எட்டாம் வாரத்தில் 4 பெட்டிக்கு உரிய நோயாளிகள் வெறுங்கையோடு போவார்கள்; அவர் 20 கேட்பார். ஒன்பதில் 8 வரும், பழைய பாக்கியோடு சேர்த்து இன்னும் 4 குறையும். பத்தில் 12 வந்து சரியாகும். பதினொன்றில் 16 வரும், 8 மிஞ்சும். பன்னிரண்டில் 20 வந்து குவியும், மிச்சம் 20 ஆகும். காலாவதித் தேதி ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் இருக்கும் கிடங்கோ, தேவை 4இலிருந்து 20க்குப் போய்விட்டது என்று நம்பி ஆலையிடம் அதற்கும் மேலே கேட்டிருக்கும்.

உண்மையில் தேவை இரட்டிப்பாக மட்டுமே ஆனது. யாரும் திருடவில்லை, யாரும் சோம்பியிருக்கவில்லை. 'ஆஸ்பத்திரில மருந்து இல்லயாம்' என்று தெருவில் பேசுவதும், 'கிடங்கில மருந்து கெட்டுப்போச்சாம்' என்று செய்தித்தாளில் வருவதும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்களாக இருக்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழி எனக்குத் தெரியாது. பிறகு ஒரு விதியை மட்டும் மாற்றி மீண்டும் ஆட வேண்டும்: நிலையத்தின் இருப்பையும் அன்றாடச் செலவையும் நால்வரும் பார்க்கலாம். அலை தணியும். தகவலைத் திறந்துவைப்பதும் ஒரு கொள்கை முடிவு என்பது அப்போது புரியும்.

6. நோய் அட்டை எங்கிருந்து வருகிறது

பெரும்பாலான பாவனை விளையாட்டுகளில் நோய் பகடையில் வரும். ஆறு விழுந்தால் காய்ச்சல், ஒன்று விழுந்தால் விபத்து. பயிற்சிக்கு அது வசதி. ஆனால் அதற்குள் ஒரு தத்துவம் ஒளிந்திருக்கிறது: நோய் தலைவிதி, அரசின் வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது என்பது. கல்மண்டபத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள மாணவருக்கு இந்தத் தத்துவத்தைச் சொல்லாமல் சொல்லித்தருவதை நான் ஏற்க மாட்டேன்.

ஆகவே இந்த விளையாட்டில் நோய் அட்டை பிற நாற்காலிகளின் முடிவிலிருந்தே வர வேண்டும். ஆலை நிர்வாகம் வடிகட்டிப் பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் அதற்கு 5 கொட்டை மிச்சம். இரண்டு சுற்று கழித்து அருகிலுள்ள வார்டில் மூச்சுக் கோளாறு அட்டை இரண்டு விழும். நிதித்துறை மழைநீர் வடிகாலைத் தள்ளினால் மழைச்சுற்றில் டெங்கு. டிரெய்லர் நிறுத்த இடம் ஒதுக்காவிட்டால் விபத்து. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் தாங்கும், அதற்குப் பிறகு யார் தாங்குவது என்பதைக் குழு முடிவெடுக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து வேலை போனால் இ.எஸ்.ஐ. உரிமையும் நாளடைவில் நழுவும்; அந்த அட்டை அரசு மருத்துவமனை வரிசைக்கு நகரும். மிச்சம் பிடித்தவர் ஒருவர், செலவழிப்பவர் இன்னொருவர், நோவது மூன்றாமவர்.

இங்கேதான் 'இருண்ட குளிர்கால'த்தின் பாடம் நமக்கு வேண்டும். 'இரண்டு அட்டை' என்றேன். ஏன் இரண்டு? ஏன் இரண்டு சுற்று கழித்து? அந்த எண் என் கையில் பிறந்தது. ஆலை நாற்காலியில் இருக்கும் மாணவர் எழுந்து, 'இதற்கு என்ன ஆதாரம்? மூச்சுக் கோளாறுக்கு வீட்டுப் புகையும் பீடியும் காரணமில்லையா?' என்று கேட்க வேண்டும். அது நல்ல கேள்வி. மீனவப் பஞ்சாயத்து நாற்காலியிலிருந்து, 'இரண்டு போதாது, எங்கள் குப்பத்தில் வீட்டுக்கு ஒருவர் இருமுகிறார்' என்று மறுப்பு வர வேண்டும். அதுவும் நல்ல மறுப்பு; ஆனால் அதற்கும் கணக்கெடுப்பு வேண்டும். அப்போது வகுப்பு நிற்க வேண்டும். இரு தரப்பும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, வாரியத்தின் காற்றுத்தர அளவீடுகள், தீர்ப்பாய ஆவணங்கள், வெளியான ஆய்வுகள் ஆகியவற்றைப் பார்த்து ஒரு எண்ணை முன்மொழிய வேண்டும். அளவீடு இல்லாத இடத்தில், 'இங்கே அளவீடு இல்லை' என்று பலகையில் சிவப்பு மையால் எழுத வேண்டும். அந்தச் சிவப்பு எழுத்துகள் எந்த வார்டுகளில் குவிகின்றன என்று பார்ப்பது, என் மதிப்பீட்டில், முழு விளையாட்டிலும் கிடைக்கும் மிகப் பெரிய பாடம்.

7. விளையாட்டுக்குப் பின்

விளையாடிய நேரத்துக்குக் குறையாத நேரம் பேசுவதற்கு வேண்டும். இதைப் பல ஆசிரியர்கள் மணி அடித்ததும் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் மாணவர் கையில் எஞ்சுவது வெற்றி தோல்வி மட்டும். பேச்சுக்கு வரிசை உண்டு. முதலில் என்ன நடந்தது, எழுதும் குழுவின் குறிப்பேட்டிலிருந்து. அடுத்து, அந்த நாற்காலியில் என்ன தோன்றியது. அதன் பிறகே, வெளியுலகில் இது எங்கே இப்படி, எங்கே இப்படி இல்லை. மூன்றாவது கேள்வியை முதலில் கேட்டால் எல்லாரும் செய்தித்தாள் பேசுவார்கள்.

8. மறுப்புகள்

துன்பத்தை விளையாட்டாக்குவது தகுமா என்ற கேள்வி எழும். இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வகுப்பில் உட்கார்ந்திருப்பவரில் ஒருவர் அந்த டிசம்பர் இரவில் தங்கையைத் தூக்கிக்கொண்டு ஓடியவராக இருக்கலாம். அவர் முன்னால் 'அமோனியா அட்டை'யைச் சீட்டுக்கட்டுபோல் போடுவது கொடுமை. ஆகவே மூன்று கட்டுப்பாடுகள்: உண்மை நிகழ்வை அதே பெயரோடும் நாளோடும் அட்டையாக்கக் கூடாது, எவரையும் அவருடைய சொந்த வாழ்வின் நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது, தன் அனுபவத்தைச் சொல்ல விரும்பும் மாணவர் சொல்லலாம், ஆனால் ஆசிரியர் கேட்டு வாங்கக் கூடாது. மீனவர் வீட்டுப் பிள்ளை நிதித்துறையில் உட்காரட்டும். அங்கே அவர் பார்க்கும் நெருக்கடி அவருக்குப் புதிது.

பாடத்திட்டம் முடியாது என்பது இன்னொரு மறுப்பு. நான்கு பீரியட் விளையாட்டு, நான்கு பீரியட் பேச்சு, ஒரு வார நூலக வேலை. ஒரு செமஸ்டரில் இது ஒரு அலகு. இழப்பது திட்டப் பட்டியலின் சில பக்கங்கள். அவற்றை மாணவர் தாமே படித்துக்கொள்ள முடியும்.

எல்லாக் குழுவும் அரசைக் குறை சொல்லி முடித்துவிடும் என்றும், இல்லை, பணமில்லை என்று சொல்லி எல்லாரையும் மன்னித்துவிடும் என்றும் எதிரெதிரான இரண்டு அச்சங்களைக் கேட்கிறேன். இரண்டும் நடக்கக்கூடியவையே. 60களின் இறுதியில் அமெரிக்காவில் கேரி ஷர்ட்ஸ் உருவாக்கிய 'ஸ்டார்பவர்' விளையாட்டில், முன்னேறிய குழுவுக்கு நடுவில் விதியை மாற்றும் உரிமை கொடுக்கப்படும். அக்குழு தனக்குச் சாதகமாகவே விதியை எழுதத் தொடங்கும். அந்த உத்தியை இங்கே ஒரு சுற்றுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதிகப் புளியங்கொட்டை சேர்த்த நாற்காலி ஒரு விதியைத் திருத்தட்டும். அடுத்த சுற்றில் மிகக் குறைந்த கொட்டை உள்ள நாற்காலி ஒரு விதியைத் திருத்தட்டும். இரண்டு திருத்தங்களையும் அருகருகே ஒட்டிவைத்து, எதன்படி மண்டலத்தில் நோய் அட்டை குறைந்தது என்று எண்ண வேண்டும்.

9. மதிப்பிடுதல்

வென்ற குழுவுக்கு மதிப்பெண் தரக் கூடாது. தந்தால் மாணவர் கொட்டை சேர்ப்பார்கள், மண்டலத்தைப் பார்க்க மாட்டார்கள். உள்மதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணும் ஒரே எழுத்துப் பணிக்குப் போகட்டும்: ஒவ்வொருவரும் விளையாட்டின் ஒரு விதியைத் தேர்ந்து, அதை ஏன் திருத்த வேண்டும், திருத்திய எண் எங்கிருந்து வந்தது, திருத்தத்தால் எந்த நாற்காலிக்குச் சுமை கூடும் என்று நான்கு பக்கத்தில் எழுத வேண்டும். மதிப்பெண்ணில் பாதி எண்ணின் ஆதாரத்துக்கு. மீதியில் பெரும்பங்கு, சுமை கூடும் நாற்காலியின் சார்பில் தமக்கு எதிராகவே எழுதும் பத்திக்கு.

ஏற்கப்பட்ட திருத்தங்கள் அடுத்த ஆண்டு மாணவருக்கான விதிப்புத்தகத்தில், திருத்தியவர் பெயரோடும் ஆதாரத்தோடும் சேர்க்கப்பட வேண்டும். அடுத்த ஆண்டு வருபவர் அதையும் மறுக்கலாம். சிவப்பு மையால் 'அளவீடு இல்லை' என்று எழுதிய வார்டுகளின் பட்டியலை ஒரு படியெடுத்து, மாநகர நல அலுவலருக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் துறைத்தலைவர் கையொப்பத்தோடு ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும். பதில் வந்தால் அது விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டப்படும். வராவிட்டால், அனுப்பிய நாள் மட்டும் அங்கே இருக்கும்.